குளிர் சமைக்கும் ஊர்



கொல்கத்தா என்றதும், அங்கே போய்வந்தவர்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். நியாயம்தான். மார்ச் தொடங்கி அக்டோபர் வரை அந்த ஊரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நான் பேச வந்தது மிச்சமிருக்கும் கொஞ்ச நாட்களைப் பற்றி. டிசம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரம், பத்து நாள் வரை. நமக்கு மார்கழியும் தையும், அவர்களுக்குப் பௌஷமும் மாகமும். அப்போது இரவில் 13, 14 டிகிரி வரை இறங்கும். ஊட்டிக்காரர் யாராவது இந்த அவையில் இருந்தால், இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பீர்கள். கொல்கத்தாக்காரர் சிரிக்கமாட்டார். கம்பளிக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டு, மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, கையில் துணிப்பையோடு விடியும் முன்பே சந்தைக்குக் கிளம்பியிருப்பார்.

அவரைக் கேலி செய்வது எளிது. வங்காளிகளே தங்களை அப்படிக் கேலி செய்துகொள்வார்கள். ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். இந்தக் குளிர் ஒரு சமையல் பொருள். உப்பைப் போல, எண்ணெயைப் போல அதுவும் பண்டத்துக்குள் போகிறது. அது இல்லாத மாதங்களில் எத்தனை கெட்டிக்காரச் சமையற்காரரை வைத்தாலும் சில பண்டங்களைச் செய்யவே முடியாது. ஆகவே அந்த ஊரில் குளிர்காலத்தில் சாப்பிடப் போகிறவர், பிரபலமான கடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைவிட, எந்தப் பண்டம் எந்த மாதத்தில், நாளின் எந்தப் பொழுதில் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாகச் சாப்பிடலாம். இன்றைக்கு நான் சொல்லப்போவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் உதாரணம்.

முதல் உதாரணம் ஊருக்கு வெளியே இருக்கிறது. தெற்கு 24 பர்கானா, நதியா போன்ற மாவட்டங்களில் வயல் வரப்புகளில் ஈச்ச மரங்கள் நிற்கும். இந்த மரத்தில் ஏறுகிறவரை அங்கே ‘ஷியூலி’ என்பார்கள். நம் பனையேறி பாளையைச் சீவுகிறார். ஷியூலி பாளையைத் தொடுவதில்லை. மரத்தின் கொண்டைக்குக் கீழே ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, தண்டையே செதுக்கி, வெள்ளையாக ஒரு முகம் போல ஆக்கிவைக்கிறார். அதில் ஒரு மூங்கில் குழாயைச் செருகி, மாலையில் மண்கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார். இரவெல்லாம் சொட்டும். விடிவதற்கு முன்னால் ஏறி இறக்கிவிட வேண்டும். சில நாள் சீவினால் சில நாள் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு முதல் இரவு ஊறுகிற சாறுதான் உயர்ந்தது. அதற்கென்று தனி விலையும் உண்டு.

இங்கே தென்மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்களா? நமக்குப் பதநீர் வெயில் காலத்துப் பொருள். உடன்குடிப் பக்கத்தில் பனை சுரக்கிற காலத்தில் காற்றே கொதிக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் இறக்கும்போதே அது கள்ளாகியிருக்கும். வங்காளத்தில் அந்தச் சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்கிறது. இரவு குளிர்ந்திருக்கும்வரை சாறு புளிக்காமல் கிடக்கும். சூரியன் ஏறினால் நுரைக்கத் தொடங்கும். மேகம் மூடி இரவு வெதுவெதுப்பாகிவிட்டால் அன்றைய சாறு கலங்கலாக வரும். வெல்லம் நிறம் கெடும், மணமும் போகும். அதனால்தான் கொல்கத்தாவில் இனிப்புக் கடைக்காரர்கள் டிசம்பரில் வானிலை அறிக்கையை விவசாயியின் அக்கறையோடு பார்க்கிறார்கள்.

இறக்கிய சாற்றை அகலமான, தட்டையான பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். ஏறத்தாழப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ வெல்லம் கிடைத்தால் நல்ல கணக்கு. முழுதாக இறுகவிடாமல் பாகாக எடுத்தால் ‘ஜோலா குர்’. இறுக்கி வார்த்தால் ‘பாட்டாலி’. பொதுப்பெயர் ‘நொலேன் குர்’. கருப்பட்டியை அறிந்த நாக்குக்கு இதை எப்படி விளக்குவது? கருப்பட்டியில் ஒரு கரிப்பு, ஒரு காரம், தொண்டையைப் பிடிக்கும் ஒரு கனம் உண்டு. நொலேன் குரில் இந்த மூன்றும் இல்லை. புகை வாசனை மட்டும் இருக்கிறது. அதுவும் நாக்கில் படாமல் மூக்கின் பின்பக்கம் போய் நிற்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று இங்கே தீர்ப்புச் சொன்னால் நான் வீடு போய்ச் சேர மாட்டேன்.

ஓர் எச்சரிக்கை. கிராமத்துப் பக்கம் போனால் பச்சைச் சாற்றை ஒரு குவளை ஊற்றிக் கொடுப்பார்கள். அன்போடுதான் கொடுப்பார்கள். வாங்கிக் குடிக்காதீர்கள். பழந்தின்னி வௌவால்கள் இரவில் அதே கலயத்தில் வாய் வைக்கின்றன. பக்கத்து நாடான வங்கதேசத்தில் நிபா நோய் பரவியதற்குப் பச்சை ஈச்சஞ்சாறு ஒரு முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். காய்ச்சிய வெல்லத்தில் அந்தப் பயம் இல்லை.

இனி இந்த வெல்லத்தோடு நாமும் ஊருக்குள் வருவோம். வரும் வழி சியால்தா ரயில் நிலையம். விடிகாலையில் தெற்குப் பக்கத்து உள்ளூர் ரயில்களின் வியாபாரிகள் பெட்டியைப் பார்த்தால், கொல்கத்தா என்ன சாப்பிடப்போகிறது என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். காலிபிளவர் மூட்டை, கீரைக் கட்டு, வெல்லப் பானை, பிளாஸ்டிக் கூடையில் துள்ளும் மீன். அதே ரயில் பாதையில் ஜோய்நகர் இருக்கிறது. அங்கிருந்து வருவது ‘மோயா’. கனக்சூர் என்ற வாசனை நெல்லைப் பொரித்து, நொலேன் குரில் பிசைந்து, நெய்யும் கோவாவும் சேர்த்து உருட்டி, மேலே ஒரு திராட்சையோ முந்திரியோ வைப்பார்கள். நம் கார்த்திகைப் பொரி உருண்டையின் பணக்கார ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது பல்லைச் சோதிக்கும். மோயா உதட்டில் பட்டதும் உதிர்ந்துவிடும். 2015இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததும் என்ன நடக்கும்? கொல்கத்தாவின் ஒவ்வொரு தெருமுனையிலும் ‘ஜோய்நகர் மோயா’ என்ற அட்டைப் பெட்டி அடுக்கப்பட்டுவிடும். சாதாரணப் பொரியில் சர்க்கரைப் பாகும் வாசனைத் திரவமும் ஊற்றியவைதான் பெரும்பாலும். கையில் எடுத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல்லுப் போல இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார், அவருக்கும் தெரியும்.

சியால்தாவுக்குப் பக்கத்திலேயே கோலே மார்க்கெட். மொத்த வியாபாரம் நடக்குமிடம். சுமைகூலிகளின் வழியில் நின்று படம் பிடித்தால் திட்டு கிடைக்கும். பொறுமையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கரியாஹாட்டுக்கோ மாணிக்தலாவுக்கோ போகலாம். குளிர்காலத்தில் வங்காளிக் காய்கறிக் கடையின் நிறமே மாறிவிடும். தோல் உரியும் புது உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, பீட்ரூட், அவரை, முள்ளங்கி, மொட்டோடு கட்டி வைத்த வெங்காயத் தண்டு. எல்லாவற்றுக்கும் மேலே காலிபிளவர். இப்போது அது வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் பூ இறுகி வருவதற்குச் செடிக்குக் குளிர் வேண்டும். ஜூலையில் கிடைப்பது வேறெங்கோ விளைந்து பயணம் செய்து களைத்த பூ.

பட்டாணியின் கதை இன்னும் அவசரமானது. பறித்த நேரத்திலிருந்து அதன் இனிப்பு மாவாக மாறிக்கொண்டே போகிறது. வெயில் காலத்தில் இந்த மாற்றம் ஓட்டமாக நடக்கும், குளிரில் நடையாக. ஆகவே பட்டாணியை அரைத்து, இஞ்சி, பெருங்காயத்தோடு வதக்கி, உள்ளே வைத்துத் தேய்த்துப் பொரிக்கும் கொச்சூரியை ஜனவரியில்தான் சாப்பிட வேண்டும். கூடவே புது உருளைக்கிழங்கில் செய்த ஆலூர் தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வடகொல்கத்தாவில் எந்தச் சாதாரணக் கொச்சூரிக் கடையிலும் இது இருக்கும். பெயர்பெற்ற கடை தேவையில்லை. கூட்டம் நிற்கிற கடையில் நின்றால் போதும். எண்ணெய் அங்கே பழசாக நேரமிருக்காது. மாலையில் அதே கடைகளில் காலிபிளவரும் வேர்க்கடலையும் வைத்த ஷிங்காரா வரும். நாம் சமோசா என்று அறிந்ததைவிடச் சின்னது, மேல்மாவு மெல்லியது.

இந்தக் காலிபிளவர் எங்கே விளைகிறது என்று கேட்டால், ஒரு பங்கு தாபாவில். கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பு அது. நகரத்தின் குப்பை போய்ச் சேருகிற இடம். முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஊரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியாகக் கிழக்கே ஓடி, ஆழமில்லாத குளங்களில் பரவுகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து அந்த நீரைத் தூய்மைப்படுத்த, பாசியைத் தின்று மீன் வளர்கிறது, மிஞ்சிய நீரில் காய்கறியும் நெல்லும் விளைகின்றன. எந்திரம் இல்லாத சுத்திகரிப்பு நிலையம். சுமார் 125 சதுர கிலோமீட்டர். மீனவர்கள் தங்கள் அனுபவத்தில் கட்டியெழுப்பிய இந்த ஏற்பாட்டை உலகுக்கு விளக்கியவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002இல் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுமனைக்காரர்களின் கண் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கிறது. கொல்கத்தாவில் மீன்சோறு மலிவாகக் கிடைப்பதற்கு இந்தக் குளங்கள் ஒரு காரணம். உணவுச் சுற்றுலா என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. அவர்களுக்கு உணவகங்கள் நிறைந்த பார்க் ஸ்ட்ரீட் போதும்.

மீன் என்றதும் எல்லோரும் ஹில்சாவைக் கேட்கிறீர்கள். அது மழைக்கால மீன். குளிரில் பனையேறிக் கெண்டையைப் பாருங்கள். உயிரோடு, தண்ணீர்ப் பாத்திரத்தில் நெளிந்துகொண்டிருக்கும். கரிய நிறம், முள் அதிகம். காலிபிளவர் சேர்த்து அதில் வைக்கும் குழம்பு இந்தப் பருவத்துக்கே உரியது. கொடுவாவும் உண்டு, அங்கே ‘பேட்கி’. கல்யாண வீடுகளில் வறுவலாகப் போவது அதுதான், குளிர்காலம் கல்யாணக் காலமும் ஆயிற்றே.

மீன் குழம்பை எங்கே சாப்பிடுவது? நண்பகலில், ‘பைஸ் ஹோட்டல்’ எனப்படும் சாப்பாட்டுக் கடைகளில். வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களுக்காகச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு: சோற்றுக்கு, பருப்புக்கு, மீன் துண்டுக்கு, சில இடங்களில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூட. அன்றைய பட்டியல் சுண்ணாம்புக் கட்டியால் கரும்பலகையில் எழுதியிருக்கும். கல்லூரித் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டலில், பிரசிடென்சி கல்லூரி மாணவராக இருந்தபோது சுபாஷ் சந்திர போஸ் சாப்பிட்டார் என்பார்கள். ‘ஸ்வாதீன் பாரத்’ என்ற பெயர் விடுதலைக்குப் பிறகு சேர்ந்துகொண்டது. ராஷ்பிஹாரி பக்கம் தருண் நிகேதன், ஜான்பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம். எதிலும் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்குப் போனால் பலகையில் பாதிப் பெயர்கள் அழிக்கப்பட்டிருக்கும். பரிமாறுபவர் மனப்பாடமாக ஒப்பிக்கும் வேகத்தில் உங்களுக்கு வங்காள மொழி தெரிந்திருந்தாலும் பிடிபடாது. பக்கத்து இலையைக் காட்டி ‘அதே’ என்று சொல்வது நடைமுறை.

நேரம் என்று சொன்னேன் அல்லவா? விடிகாலைக்கு இரண்டு இடங்கள். ஒன்று ஜக்காரியா தெரு, நாகோதா மசூதியின் பக்கம். 1926இல் கச்சி மேமன் வணிகர்கள் எழுப்பத் தொடங்கிய பள்ளிவாசல் அது. எதிரே சூஃபியா உணவகத்தில் குளிர்மாதங்களில் நிஹாரி கிடைக்கும். மாட்டின் கணைக்கால் இறைச்சியை இரவு முழுதும் சிறுதீயில் வேகவைத்து, எலும்பின் மஜ்ஜை குழம்பில் கரைந்து, பாத்திரத்தின் மேல் சிவந்த நெய்ப்படலம் நிற்கும்போது பரிமாறுவார்கள். தொழுகை முடித்து வருகிறவர்களுக்காக ஏற்பட்ட காலை உணவு. சுமைதூக்கும் தொழிலாளி நாள் முழுக்க நிற்பதற்கான பலம் அதில் இருக்கிறது. மே மாதத்தில் இதைக் குடித்தால் வயிறு மன்னிக்காது. ஏழு மணிக்கு எழுந்து சோம்பல் முறிக்கிற பயணிகளுக்கு அங்கே வெறும் சட்டிதான் மிஞ்சும்.

இன்னொன்று, அங்கிருந்து நடந்தே போகக்கூடிய திரெட்டா பஜார். ஞாயிறு காலையில் போத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்புறம், சன் யாட் சென் தெருவில் சீனக் காலை உணவு விற்பார்கள். மீன் உருண்டை சூப், பன்றி இறைச்சி வைத்த பாவ், சூ மாய், உலர்த்திய தொத்திறைச்சி. எட்டு மணிக்கெல்லாம் அங்கே காய்கறிக் கடைகள் மட்டும் இருக்கும். இத்தாலியின் திரெவிசோவைச் சேர்ந்த எதோவார்தோ திரெட்டா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்திருந்த சந்தை இது. அவர் காசனோவாவின் நண்பர். கொல்கத்தாவின் சீனர்கள் அதே காலத்தில் வந்து இறங்கியவர்களின் வழி. தச்சர்கள், தோல் பதனிடுகிறவர்கள், பல் மருத்துவர்கள், செருப்புக் கடைக்காரர்கள். 1962 போருக்குப் பிறகு அவர்களில் பலரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இன்று ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம்.

இந்தச் சந்தையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். போகிறவர்களில் பாதிப் பேர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கடைகள் குறைந்துவிட்டன, மோமோவும் மற்றதும் விற்பவர்களில் பலர் சீனரும் இல்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒரு சமூகம் போகப் போக, அதன் சமையலைப் பக்கத்து வீட்டார் கற்று விற்கிறார்கள். அழிந்துபோவதைவிட அது மேல். அங்கேயே போவ் சோங் கடையில் மிளகாய் சாஸ் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் அங்கே இருந்தால் டாங்ராவுக்குப் போங்கள். பழைய தோல் பட்டறைகள் நகருக்கு வெளியே மாற்றப்பட்டு, அந்த இடத்தில் உணவகங்கள் பெருகிய வட்டாரம். சிங்க நடனம் கடை கடையாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு வருவோம். கொல்கத்தாவில் அது ‘பொரோதின்’, பெரிய நாள். கிறிஸ்தவர்கள் மட்டும் கொண்டாடுவதில்லை. வங்காளி இந்து வீடுகளில் அன்றைக்குக் கேக் இல்லாவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். நியூ மார்க்கெட்டைப் பாருங்கள். 1874 ஜனவரி முதல் நாள் திறந்த செங்கல் கட்டடம். உள்ளே நாஹும் அண்ட் சன்ஸ், 1902இல் ஒரு பாக்தாத் யூதர் தொடங்கிய ரொட்டிக்கடை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பிளம் கேக்குக்கான வரிசை மார்க்கெட்டின் நடைபாதைகளில் வளைந்து நெளிந்து போகும். இன்று கொல்கத்தாவின் யூதர்களை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்துவிடலாம். கடை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வரிசையில் நிற்பது எனக்கு ஒத்துவராது. ஜனவரியில் ஒரு மதியம் போய்ச் சீஸ் சம்பூசக் வாங்கிச் சாப்பிடுவதையே விரும்புவேன். மார்க்கெட்டிலேயே பாந்தெல் சீஸ் என்று கைக்குள் அடங்கும் வட்டுகள் விற்பார்கள். போர்த்துகீசியர் விட்டுப்போன பழக்கம். வெள்ளை ஒன்று, புகையிட்டது ஒன்று. உப்பு தூக்கலாக இருக்கும், தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தமான இடம் தல்தலா. பழைய விறகடுப்பு ரொட்டிக்கடைகள் அங்கே சந்துகளில் இருக்கின்றன, பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்துபவை. டிசம்பரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் மற்றவர்களும் மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஊறிய திராட்சை, பூசணி முரப்பா எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் கலந்து, தகர அச்சுகளில் ஊற்றிச் சுட்டுக் கொடுப்பார். கூலி மட்டும் வாங்குவார். வீட்டு அம்மாள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதும் உண்டு. தன் வெண்ணெய் தன் கேக்கில்தான் போகிறதா என்று பார்க்க வேண்டாமா? வெயில் காலத்தில் அந்த அடுப்பறையில் யாரும் அப்படி உட்கார முடியாது.

இனிப்புக் கடைகளைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இன்று சுருக்கமாக. சந்தேஷ் என்பது பாலைத் திரித்து எடுத்த சேனாவையும் இனிப்பையும் சேர்த்து அடுப்பில் கிளறுவது. எவ்வளவு நேரம் கிளறுகிறோம் என்பதில் மென்பாகு, கடும்பாகு என்ற வேறுபாடு வருகிறது. மற்ற மாதங்களில் சர்க்கரை. குளிரில் நொலேன் குர். அப்போது வெள்ளைச் சந்தேஷ் பழுப்பாகிறது. ஹேதுவா பக்கம் ராம்துலால் சர்க்கார் தெருவில், 1844இல் தொடங்கிய கிரிஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி கடை சந்தேஷுக்கே பேர்போனது. போபஜாரில் பீம் நாக், பவானிபூரில் பலராம் மல்லிக். சந்தன்நகரின் சூர்ய குமார் மோதக் உண்டாக்கிய ‘ஜல்பரா’வைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பாகு ஒளிந்திருக்கும் சந்தேஷ் அது. குளிரில் உள்ளே இருப்பது ஜோலா குர். சட்டைமேல் ஒழுகாமல் தின்பது ஒரு கலை. இன்னொரு சேதி: பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1965இல் மாநில அரசு சேனா இனிப்புகளையே தடைசெய்தது. அன்றைய முதலமைச்சரின் பெயரை முதிய வங்காளிகள் இன்றும் கசப்போடுதான் சொல்கிறார்கள்.

இப்போது நொலேன் குர் குழாய்களில் அடைத்து வருஷம் முழுதும் விற்கப்படுகிறது. ஜூன் மாதத்தில் நொலேன் குர் ஐஸ்கிரீம். எனக்கு உடன்பாடில்லை. பழமைவாதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். மணம் முதல் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. மிஞ்சுவது நிறமும் இனிப்பும். தவிர, வருஷம் முழுக்கத் தேவை இருந்தால் இருக்கும் மரங்கள் போதாது. பிறகு சர்க்கரையும் வாசனைத் திரவமும்தான் ஈடுகட்டும். ஷியூலிகளின் பிள்ளைகள் மரமேற விரும்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதிகாலை மூன்று மணிக் குளிரில் முள் நிறைந்த மரத்தில் ஏறி வாழ்வதற்கு அந்தத் தொழில் தரும் கூலி போதவே போதாது. நம் பனைத் தொழிலைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பொங்கலன்று அங்கே பௌஷ் சங்கராந்தி. புதுநெல் அரிசி, வெல்லம், பால்: பொருள்கள் ஏறக்குறைய நம்முடையவையே, கூடத் தேங்காய். நாம் பொங்க வைக்கிறோம். அவர்கள் மாவாக்கிப் பிட்டே செய்கிறார்கள். தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டும் பாட்டிஷாப்டா, பாலில் கொதிக்கும் தூத் புலி, மண்சட்டியில் மூடி வேகவைத்த, ஆப்பத்துக்கு உறவான ஆஷ்கே. இவை கடையில் கிடைத்தாலும் வீட்டில் சாப்பிட்டால்தான் உண்டு. யாரையாவது நட்பாக்கிக்கொண்டு அழைப்பு வாங்குங்கள். லேக் மார்க்கெட் பக்கம் தங்கினால் அன்று காலை இரண்டு பண்டிகையையும் கொண்டாடலாம். சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து தமிழர்கள் குடியிருக்கும் வட்டாரம் அது. காபித்தூளும் அப்பளமும் வாழையிலையும் விற்கும் கடைகளில் ஜனவரி இரண்டாம் வாரம் மஞ்சள் கொத்தும் வரும். வாங்க வருகிறவர்களில் வங்காளிப் பெண்மணிகளும் உண்டு.

ஜனவரி 23 நேதாஜி பிறந்தநாள். ஹாத்திபாகானில் 1918இல் தொடங்கிய லட்சுமி நாராயண் ஷா கடையில் அன்று எண்ணெய்ப் பலகாரம் இலவசம். கத்தரி பஜ்ஜி, வெங்காயப் பக்கோடா, உருளை போண்டா. வரிசை உண்டு, சண்டை கிடையாது.

பிறகு சரஸ்வதி பூஜை வரும். வசந்த பஞ்சமி, ஜனவரிக் கடைசி, அல்லது பிப்ரவரி. அதுவரை இலந்தைப்பழம் தின்றால் பரீட்சையில் தேறமாட்டாய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். பூஜைக்கு மறுநாள் பல வீடுகளில் அடுப்புக்கு ஓய்வு. முந்தின நாளே சின்ன உருளைக்கிழங்கு, சின்னக் கத்தரிக்காய், அவரை, பட்டாணி, கீரை எதையும் நறுக்காமல் முழுசாகப் பயறோடு வேகவைத்து வைப்பார்கள். மறுநாள் ஆறிய நிலையில் அதையே சாப்பிட வேண்டும். ‘கோட்டா சேத்தோ’ என்று பெயர். குளிர்காலத்தின் மொத்தச் சந்தையும் ஒரே பாத்திரத்தில் இருக்கும். மசாலா கிடையாது. முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்குச் சப்பென்றிருக்கும். நான் இரண்டாவது முறை கேட்டு வாங்குவேன்.

கடைசியாக, கொண்டுவருவது பற்றி. தலைவர் எனக்கு மணியைக் காட்டுகிறார், சீக்கிரம் முடிக்கிறேன். பாட்டாலி சில வாரம் தாங்கும். பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதத்தில் சுற்றி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மோயா மூன்று, நான்கு நாள். கடும்பாகுச் சந்தேஷ் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னை வந்து சேரும். மென்பாகு ஒடிசாவைத் தாண்டாது, வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். டிசம்பர் 20க்குப் பிறகு போகிறவர்கள் விடுதி அறையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பார்க் ஸ்ட்ரீட்டின் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க ஊரே கூடும், விலை ஏறிவிடும். என்னைக் கேட்டால் ஜனவரி 10க்குப் பிறகு போங்கள். ஈச்சஞ்சாறு நன்றாக ஊறும், கொச்சூரிக்குப் பட்டாணி இருக்கும், கேக் வரிசை கலைந்திருக்கும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.